போட்டி ரோபோவுக்கு ஸ்லைடு தேர்ந்தெடுப்பது எப்படி? கோலாலம்பூர், பினாங்கு புது அணிகளுக்கு

ரோபோ அணி தொடங்கும் மாணவர்களும் அவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த ஸ்லைடு வாங்கலாம்?" ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் உங்களுக்கு உதவாது. நல்ல ஸ்லைடைத் தவறாகப் பொருத்தினால் பாதி வழியில் சிக்கி நிற்கும். மலிவான டிராயர் ஸ்லைடைச் சரியாகப் பொருத்தி, நூலைச் சரியாகக் கட்டினால் ஒரு பருவம் முழுக்க ஓடும். அதனால் இந்தக் கட்டுரையில் கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்குக்கும், வாங்கிய பிறகு செய்ய வேண்டிய பொருத்தும் வேலைக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஸ்லைடு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ரோபோவின் கையை நேர்கோட்டில் மேலே தூக்கி அல்லது முன்னால் நீட்டி, வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு அது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற மாணவர் ரோபோ போட்டியில் ஆட்டம் தொடங்கும்போது ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 18 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 457 மில்லிமீட்டருக்குள், அடங்கி நிற்க வேண்டும். ஆனால் 2024–25 பருவத்தில் உயரமான கூடை 43 அங்குலத்தில் இருந்தது. 18 அங்குலப் பெட்டிக்குள் மடங்கி நின்று, ஓரிரு நொடியில் 43 அங்குலத்துக்கு மேல் எட்ட வேண்டும் என்றால், ஒன்றுக்குள் ஒன்று அடங்கி நீளும் ஸ்லைடுதான் நேரடியான வழி.

விதிப்புத்தகம் முதலில்

எந்தப் போட்டி என்பதைப் பொறுத்து உங்கள் தேர்வு சுருங்கும் அல்லது விரியும். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் கடையில் கிடைக்கும் ஸ்லைடுகளைப் பயன்படுத்தலாம். வெக்ஸ் வி5 என்ற இன்னொரு மாணவர் போட்டியிலும் தொடக்க அளவு 18 அங்குலம்தான், ஆனால் பாகங்கள் பெரும்பாலும் அவர்கள் அனுமதித்த பட்டியலுக்குள் இருக்க வேண்டும். மரச்சாமான் கடை டிராயர் ஸ்லைடை அங்கே கொண்டுபோக முடியாது. பல்கலைக்கழக அணிகள் கலந்துகொள்ளும் ரோபோகானில் சொந்தமாகச் செய்துகொள்ளும் சுதந்திரம் அதிகம். 2006-இல் ஆசிய பசிபிக் ரோபோகான் கோலாலம்பூரில் நடந்தபோது உலகின் மிக உயரமான இரட்டைக் கோபுரத்தைக் கட்டுவதே ஆட்டமாக இருந்தது. பொருளை உயரத்துக்குக் கொண்டுபோய் வைக்கும் வேலை இந்தப் போட்டிகளில் எந்தக் காலத்திலும் தீரப் போவதில்லை.

உயரத்துக்கு வரம்பு இல்லாவிட்டாலும் பக்கவாட்டில் நீள்வதற்கு இருக்கலாம். மேலே சொன்ன 2024–25 பருவத்தில் ரோபோ கிடைமட்டமாக 42 அங்குலத்தைத் தாண்டி நீளக் கூடாது. இந்த வரம்பு பருவத்துக்குப் பருவம் மாறும். சென்ற ஆண்டு ஆடிய அண்ணன் அக்காமார் சொன்னதை நம்பி வாங்காமல், அந்த ஆண்டுப் புத்தகத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

மூன்று எண்கள்: உயரம், எடை, நேரம்

சரி, இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உதாரணத்தை வைத்தே போவோம்.

கூடை 43 அங்குலம், அதாவது 1092 மில்லிமீட்டர். பொருளை உள்ளே போடக் கொஞ்சம் மேலே போக வேண்டும் என்பதால் கையின் நுனியில் உள்ள பிடி 1150 மில்லிமீட்டருக்கு எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடின் அடிப்பகுதி தரையிலிருந்து 50 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. மூடிய ஸ்லைடின் நீளம் 380. இரண்டும் சேர்ந்து 430, எனவே தொடக்க அளவுக்குள் அடங்கிவிடும். இன்னும் 720 மில்லிமீட்டர் நீள வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். 380 மில்லிமீட்டர் ஸ்லைடு என்றால் ஒவ்வொரு அடுக்கும் (ஒன்றுக்குள் ஒன்று நீளும் துண்டு) 380 நீளும், இரண்டு அடுக்கு போதும் என்று கணக்குப் போடுவார்கள். ஒரு அடுக்கு முழுக்க வெளியே வந்தால் அதைப் பிடித்திருக்க எதுவும் மிச்சம் இருக்காது. கை ஆடும், வளையும், பேரிங் குண்டுகள் ஒரே முனையில் சுமை தாங்கித் தேயும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளேயே இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் 380-இல் 250 மில்லிமீட்டர்தான் உண்மையில் பயன்படும். 720-ஐ எட்ட மூன்று அடுக்கு வேண்டும், அது 750 கொடுக்கும். ஒரு அடுக்கு கூடுவதால் எடையும் விலையும் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் நிமிர்ந்து நிற்கும் மூன்று அடுக்கு, தள்ளாடும் இரண்டு அடுக்கைவிட எப்போதும் மேல்.

அடுத்தது எடை. நுனியில் இருக்கும் பிடி, அதைத் திறந்து மூடும் சர்வோ மோட்டார், பிடிக்கும் பொருள் எல்லாம் சேர்த்து 1 கிலோ. நகரும் ஒவ்வொரு அடுக்கும், இரண்டு பக்கமும் சேர்த்து, 0.4 கிலோ. இதை ஊகிக்காதீர்கள், சமையலறைத் தராசை எடுத்து நிறுத்துப் பாருங்கள். நுனியில் குறைக்கும் ஒவ்வொரு நூறு கிராமும் மோட்டாருக்கும் நூலுக்கும் ரோபோவின் சமநிலைக்கும் நல்லது. சர்வோவை நுனியில் வைப்பதா, கீழே வைத்து இழுப்பதா என்பதை இப்போதே யோசித்துவிடுங்கள்.

நேரத்தை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். முழுக்க மேலே போக ஒன்றரை நொடி என்பது புது அணிக்கு நல்ல இலக்கு.

எந்த வகை?

டிராயர் ஸ்லைடில் தொடங்குவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பால் பேரிங் உள்ள, முழுக்க நீளும் வகை. வன்பொருள் கடையிலும் மரச்சாமான் உதிரிப்பாகக் கடையிலும் சில பத்து வெள்ளிக்கு ஒரு ஜோடி கிடைக்கும். 45 மில்லிமீட்டர் அகலம் உள்ளதுதான் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது. அது இரும்பு, கனமானது. 35 அல்லது 27 மில்லிமீட்டர் அகலம் இருக்கிறதா என்று கேளுங்கள், ரோபோவுக்கு அதுவே தாராளம். வாங்கும்போது கட்டாயம் கவனிக்க வேண்டியது, மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் சாஃப்ட் க்ளோஸ் வகையும், தள்ளினால் திறக்கும் வகையும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உங்கள் மோட்டாரோடு சண்டை போடும். "அண்ணே, சாஃப்ட் க்ளோஸ் இல்லாத சாதா ரெயில் கொடுங்க" என்று கேட்டாலே போதும். அதோடு, டிராயரைக் கழற்றுவதற்கென்று ஓரத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். ஆட்டத்தின் நடுவே அது விடுபட்டால் கையே கழன்று விழும். அந்த இடத்தில் ஒரு திருகு போட்டுப் பூட்டிவிடுங்கள்.

கொஞ்சம் பணம் இருந்தால் மிசுமி நிறுவனத்தின் மெல்லிய ஸ்லைடுகள் நல்ல தேர்வு. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் அணிகள் உலகம் முழுவதும் இவற்றைப் பயன்படுத்துகின்றன. மெல்லியவை, ஆட்டம் குறைவு. துளைகள் உங்கள் சட்டத்தோடு பொருந்தாமல் போகலாம் என்பதால் இணைப்புத் துண்டுகளை முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டியிருக்கும். கோபில்டா நிறுவனத்தின் வைப்பர் ஸ்லைடு, ரெவ் நிறுவனத்தின் தொகுப்பு போன்றவை நூலோடும் கப்பியோடும் முழுத் தொகுப்பாக வரும். இயந்திர வேலை தெரிந்த பெரியவர் யாரும் அணியில் இல்லை என்றால் அப்படி ஒரு தொகுப்பு வாங்குவதில் தவறே இல்லை. தபால் செலவையும் காத்திருக்கும் வாரங்களையும் மட்டும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

எம்ஜிஎன் 12, எம்ஜிஎன் 9 என்று முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் வரும் ரெயில்கள் உண்டு. எண் என்பது ரெயிலின் அகலம், மில்லிமீட்டரில். துல்லியம் அருமை. ஆனால் ரெயில் மேல் நகரும் சிறிய பெட்டி ரெயிலின் நீளத்துக்குத்தான் ஓடும், டிராயர் ஸ்லைடு மாதிரி தானே அடுக்கடுக்காக நீளாது. ஒரு அடுக்கு குறுகிய தூரம் நகர்ந்தால் போதும் என்ற இடத்துக்கு நல்லது. பெட்டியை ரெயிலிலிருந்து வெறுமனே உருவினால் உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டிவிடும். கூட வரும் பிளாஸ்டிக் துண்டை ரெயில் முனையில் ஒட்ட வைத்து, அதன் மேல் நகர்த்தித்தான் எடுக்க வேண்டும்.

குண்டே இல்லாமல், பிளாஸ்டிக் மேல் அலுமினியம் வழுக்கும் இகஸ் நிறுவனத்தினது போன்ற வகைகளும் உண்டு. தூசிக்குப் பயமில்லை, கிரீஸ் வேண்டாம். ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. விசை கொடுக்கும் இடத்துக்கும் ஸ்லைடுக்கும் உள்ள பக்கவாட்டுத் தூரம், பேரிங்கின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிக்கும். ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்த அலமாரி இழுப்பறை கோணலாகி நிற்குமே, அதேதான்.

எங்கே தேடுவது?

கோலாலம்பூரில் மின்னணுப் பாகங்களுக்குப் புடு பக்கம் ஜாலான் பாசார் இருக்கவே இருக்கிறது. ஆனால் ஸ்லைடுக்கு அங்கே அலைய வேண்டாம், வீட்டுப் பக்கத்து வன்பொருள் கடைதான் முதல் இடம். பினாங்கு அணிகளுக்கு வேறு ஒரு வசதி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972 முதல் இயங்கி வருகிறது. அதைச் சுற்றித் துல்லிய இயந்திர வேலை செய்யும் பட்டறைகள் நிறைய. அணியில் யாராவது ஒருவரின் அப்பாவோ மாமாவோ அப்படி ஓரிடத்தில் வேலை செய்யாமல் இருக்க மாட்டார். வெட்டி மிஞ்சிய அலுமினியத் துண்டு, கழற்றிப் போட்ட பழைய ரெயில் என்று கேட்டுப் பாருங்கள். மரியாதையாக, ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தோடு கேட்டால் வேலை இன்னும் எளிது. ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கருவிகளைப் பார்க்கலாம். பழைய ரெயில் எங்கே கிடைத்தாலும், பெட்டியை ஒரே விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல் தட்டுப்பட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நூல்: தொடர் முறையா, அடுக்கு முறையா?

ஸ்லைடு வழி மட்டுமே காட்டும், தூக்குவது நூல்தான். புது அணிகள் இதற்குக் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு. கொஞ்சம் நிதானமாக இதைப் பார்ப்போம்.

தொடர் முறையில் ஒரே நூல்தான். மோட்டாரின் உருளையிலிருந்து கிளம்பி, நிலையான சட்டத்தின் உச்சியிலுள்ள கப்பியில் ஏறி, முதல் அடுக்கின் அடியில் இறங்கி, அதன் உச்சிக்கு ஏறி, இரண்டாம் அடுக்கின் அடிக்கு இறங்கி, இப்படியே கடைசி அடுக்கின் அடியில் போய் முடியும். கை எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நூலை மோட்டார் சுற்ற வேண்டும், நம் உதாரணத்தில் 750 மில்லிமீட்டர். எந்த அடுக்கு முதலில் நகரும் என்பதை உராய்வுதான் முடிவு செய்யும்.

அடுக்கு முறையில் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி நூல். மோட்டார் முதல் அடுக்கை மட்டும் இழுக்கிறது. இரண்டாவது நூலின் ஒரு முனை நிலையான சட்டத்தில் கட்டியிருக்கும். அது முதல் அடுக்கின் உச்சிக் கப்பியில் ஏறி, இரண்டாம் அடுக்கின் அடியைப் பிடித்திருக்கும். முதல் அடுக்கு ஏறும்போது இரண்டாவது தானாக அதன் மேல் ஏறும். எல்லா அடுக்கும் ஒன்றாக நகரும். மோட்டார் 250 மில்லிமீட்டர் சுற்றினாலே கை 750 போய்விடும். வேகம் மூன்று மடங்கு, ஆனால் விசையும் அதற்கேற்பக் கூடும்.

எண்ணில் பார்த்துவிடலாம். தொடர் முறையில் அதிகபட்சச் சுமை என்பது மொத்த எடை: 1 கிலோவும் மூன்று 0.4-உம் சேர்த்து 2.2 கிலோ, சுமார் 21.6 நியூட்டன். உருளையின் ஆரம் 20 மில்லிமீட்டர் என்றால் முறுக்கு விசை 0.43 நியூட்டன் மீட்டர். உராய்வுக்குப் பாதி கூட்டினால் 0.65. அடுக்கு முறையில் முதல் அடுக்கை ஒரு மடங்கும், இரண்டாவதை இரண்டு மடங்கும், மூன்றாவதையும் நுனிச் சுமையையும் மூன்று மடங்கும் கணக்கிட வேண்டும். 0.4, 0.8, 4.2 என மொத்தம் 5.4 கிலோ, சுமார் 53 நியூட்டன். அதே உருளையில் 1.06, உராய்வோடு சுமார் 1.6 நியூட்டன் மீட்டர்.

கோபில்டா 5203 வரிசையின் 312 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 312 சுற்று) மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அது சுழலாமல் நிற்கும் அளவுக்குச் சுமை ஏற்றினால் கொடுப்பது 24.3 கிலோ சென்டிமீட்டர், அதாவது சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் வேலை வாங்குவது பாதுகாப்பு. தொடர் முறைக்கு ஒரு மோட்டார் போதும், சுமார் 1.6 நொடியில் கை மேலே போய்விடும். அடுக்கு முறையை ஒரே மோட்டாரில் செய்தால் மூன்றில் இரண்டு பங்கு சுமை, மோட்டார் சூடேறும். இரண்டு மோட்டார் போட்டால் சுமார் 0.6 நொடி. முடுக்கம் எடுக்கும் நேரம் இதில் சேரவில்லை என்பதால் உண்மையில் கொஞ்சம் கூடும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஆண்டில் தொடர் முறை. ஒரு நூல்தான், அறுந்தால் மாற்றுவது எளிது, ஒரு மோட்டாரில் இலக்கை நெருங்கிவிடலாம். இரண்டாம் ஆண்டில் வேகம் வேண்டும் என்று தோன்றினால் அடுக்கு முறைக்குப் போகலாம்.

நூலைத் தேர்ந்தெடுக்க மீன்பிடிச் சாமான் கடைக்குப் போங்கள். பினாங்கில் இதற்குப் பஞ்சமே இல்லை. பின்னிய பிஇ (பாலிஎத்திலீன்) தூண்டில் நூல் என்று கேளுங்கள். நைலான் நூல் இழுபடும், அதனால் கை தொய்ந்து நிற்கும். பின்னிய நூல் இழுபடாது. வலிமையைச் சாதாரணச் சுமையை வைத்துப் பார்க்காதீர்கள், மோட்டார் முட்டி நிற்கும் தருணத்தை வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன இரண்டு மோட்டார்களும் முட்டி நின்றால் நூலில் சுமார் 24 கிலோ இழுவை வரும். முடிச்சு போட்ட இடத்தில் வலிமை பாதி வரை குறையலாம். அதனால் 110 பவுண்டுக்கு, அதாவது சுமார் 50 கிலோவுக்கு, குறையாமல் வாங்குங்கள். இந்த நூல் வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. மீன்பிடிக்கிறவர்கள் போடும் பாலோமார் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், கடைக்காரரே போட்டுக் காட்டுவார். இந்த இழை சுமார் 150 டிகிரியிலேயே உருகும் என்பதால் முனையை நெருப்பில் காட்டும்போது கவனம், முடிச்சே கருகிவிடும்.

இறங்குவதற்கும் ஒரு நூல் வேண்டும். புவியீர்ப்பு இறக்கிவிடும் என்று விட்டுவிட்டால், ஸ்லைடு லேசாகச் சிக்கினாலும் உருளையில் நூல் தளர்ந்து கப்பியை விட்டு வெளியே வந்துவிடும். அதே அச்சில் எதிர்த்திசையில் சுற்றிய இன்னொரு உருளை வைத்து, அதிலிருந்து இறக்கும் நூலைக் கடைசி அடுக்கில் கட்டுங்கள். தொடர் முறையில் இரண்டு உருளைகளும் ஒரே விட்டம் இருக்கட்டும். ஒரு முனையில் சிறிய ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தால் மிச்சத் தளர்வை அது வாங்கிக்கொள்ளும்.

சிலர் நூலுக்குப் பதில் திருகுத் தண்டு போடலாமா என்று கேட்பதுண்டு. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும் சாதாரணத் தண்டை அதே 312 ஆர்பிஎம் மோட்டாரில் பூட்டினால் நொடிக்கு 42 மில்லிமீட்டர்கூட வராது. ஆட்டம் முடியும்போது ரோபோ தன்னைத் தானே தூக்கித் தொங்குவதற்கு அது நல்லது, கூடையில் போடுவதற்கு இல்லை.

பொருத்துவது

ஒரே ஒரு ஸ்லைடில் கையைத் தொங்கவிடாதீர்கள். இடம் வலம் என்று ஒரு ஜோடி, இரண்டுக்கும் ஒரே அச்சிலிருந்து நூல். தனித்தனி மோட்டார் வைத்து மென்பொருளில் ஒத்துப்போகச் செய்யலாம் என்று நினைத்தால், ஒரு பக்கம் முந்திக்கொண்டு கை கோணலாகும். இரண்டு மோட்டார் தேவைப்பட்டாலும் அவை ஒரே தண்டைச் சுழற்றட்டும்.

இரண்டு பக்கமும் இணையாக இருப்பதுதான் உயிர். இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஒரு பக்க ஸ்லைடை முழுக்க இறுக்குங்கள். மறு பக்கத் திருகுகளைத் தளர்வாக விடுங்கள். கையால் மேலும் கீழும் பலமுறை ஓட்டுங்கள். தளர்ந்த பக்கம் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். கையை மேலே நிறுத்தி மேல் திருகுகளையும், கீழே இறக்கிக் கீழ்த் திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கனமாக ஓடினால் இணைப்புத் துண்டின் அகலம் ஸ்லைடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். கிரீஸ் போட்டு இந்தக் கோளாறை மறைக்க முயலாதீர்கள்.

திருகுத் தலை ஸ்லைடின் உள்ளே துருத்தினால் அடுத்த அடுக்கு அதில் உரசும். தட்டையான தலையுள்ள திருகுதான் போட வேண்டும். அதிர்வில் நட்டு கழலாமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட்டு போடுங்கள்.

கிடைமட்டமாக நீளும் கைக்கு ஒரு கூடுதல் கவனம். ஸ்லைடின் அகலமான முகம் செங்குத்தாக நிற்கும்படி, டிராயரில் இருப்பது போலவே, பொருத்துங்கள். படுக்க வைத்தால் நுனி தொங்கும்.

நிற்க வேண்டிய இடம்

கீழே ஒரு லிமிட் சுவிட்ச் வையுங்கள். ரோபோ இயங்கத் தொடங்கும்போது கை அதைத் தொட்டு, அங்கே மோட்டாரின் சுற்றை எண்ணும் என்கோடரின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கட்டும். மேலே நிரலில் ஒரு வரம்பு, அதற்கு மேலே உண்மையான ஒரு தடுப்பு, இரண்டும் வேண்டும். நிரல் தடுமாறினால் தடுப்பு காப்பாற்றும். கையை மேலேயே நிறுத்தி வைக்கப் புவியீர்ப்புக்கு ஈடாகச் சிறிய நிலையான மின்னழுத்தத்தை மோட்டாருக்குக் கொடுத்தபடி இருக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பரிசோதித்து, கை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரம்

நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மலிவான இரும்பு ஸ்லைடு பள்ளி விடுமுறைக்குள் துருப்பிடித்துவிடும். ரோபோவைப் பூட்டி வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள். டபிள்யூடி-40 தெளிப்பது பலருக்குப் பழக்கம். அது பழைய கிரீஸைக் கழுவிவிடும், பிறகு கொஞ்ச நாளில் காய்ந்துவிடும். துடைப்பதற்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, லேசான லித்தியம் கிரீஸ் ஒரு துளி போதும். நிறையப் பூசினால் போட்டித் தரையின் தூசி முழுக்க அதில் வந்து ஒட்டும்.

போட்டிக்கு ஒரு வாரத்துக்கு முன் கையை முழுச் சுமையோடு நூறு முறை ஏற்றி இறக்குங்கள். நூலில் பஞ்சு கிளம்பும் இடம், சூடாகும் மோட்டார், தளரும் திருகு எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பஞ்சு கிளம்பும் இடத்தில் கப்பியின் விளிம்போ ஏதாவது ஒரு கூரான ஓரமோ உரசுகிறது. அதை அரம் போட்டு மழுக்கிவிட்டு நூலைப் புதிதாகக் கட்டுங்கள். போட்டிக்குக் கொண்டுபோகும் பெட்டியில் அளந்து முடிச்சு போட்டுத் தயாராக வைத்த இரண்டு மாற்று நூல், இரண்டு கப்பி, ஒரு ஜோடி ஸ்லைடு, நூலைக் கப்பிகளுக்குள் கோத்து இழுக்க ஒரு மெல்லிய கம்பி. நூல் மாற்றுவதை அணியில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலையாக விடாமல், இன்னொருவரும் கைக்கடிகாரத்தை வைத்துப் பயிற்சி செய்யட்டும்.